பொடிசு என் விரலில் இருந்த பதினோரு நாள்

ஜனவரி 9

அன்பு மருமகளே,

முப்பத்தொரு வருஷமாக இந்த ஊரின் மிகப் பெரிய ஓட்டல் வாசலில் நின்று மந்திரிகளுக்கும் மாப்பிள்ளைகளுக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் கதவு திறந்துவிட்டவன், ஆறே கால் அடி உயரமும் அரை அடி மீசையும் உடையவன், ஒரே சல்யூட்டில் ஏழு கார்களை நிறுத்தக்கூடியவன், அதாவது உன் தாய்மாமன், ஓர் எலுமிச்சம்பழ எடைகூட இல்லாத பட்ஜிக் கிளி பொடிசிடம் தோற்றுப்போய் இதை எழுதுகிறேன்.

"போன் பண்ணாதீங்க, எழுதுங்க. ஜூன்ல எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அதுவரைக்கும் பொடிசை உயிரோட வச்சிருங்க. வேற எதுவும் உங்ககிட்ட வேணாம்." நீ ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன சீட்டை நான் கிழிக்கவில்லை. தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் பாலை எடுக்கிறேன். அக்கா போய் இன்றோடு நாற்பத்திரண்டு நாள்.

பொடிசு உயிரோடு இருக்கிறது. ஆனால் நான் அறைக்குள் கால் வைத்ததும் கூண்டுக்குள் ஒரு பச்சைப் புயல் கிளம்புகிறது. கம்பியில் மோதுகிறது, தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்க்கிறது. நேற்று ஒரு நாளில் உதிர்த்த இறகுகளைத் திரட்டித் தலையணை தைத்தால் அதில் ஒரு யானை நிம்மதியாகத் தூங்கும்.

அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். அக்கா விழுந்தபோது கூண்டின் தாங்கியைப் பிடித்துக்கொண்டே விழுந்திருக்கிறாள். என் ஷிப்ட் முடிந்து நான் வரும்வரை கூண்டு தரையில் சாய்ந்து கிடந்தது. எவ்வளவு நேரம் என்று பொடிசுக்குத்தான் தெரியும். அப்புறம் ஸ்ட்ரெச்சர், பூட்ஸ் காலோடு நாலு பேர், என் கூச்சல். அதற்குப் பிறகு மனிதன் என்றாலே அதற்கு நடுக்கம்.

பறவை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பயத்துலயே இதுங்களுக்கு இதயம் நின்னுடும் சார். மனுஷங்ககிட்டப் பழக்குங்க. பழக்காம ஊர் மாத்தினா வண்டியிலேயே போயிடும்" என்றார்.

ஆக, ஜூனுக்குள் பழக்கியாக வேண்டும். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அது பயப்படுவது என்னைப் பார்த்தல்ல; என் மீசையைப் பார்த்து. இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் அதைப் பெரிய கறுப்புப் பறவை என்று நினைக்கிறது. என்ன செய்வதென்று ராஜாங்க ஆலோசனை நடக்கிறது.

தோற்ற சக்கரவர்த்தி,
உன் மாமா


ஜனவரி 21

மாமா,

மீசை இல்லை. உயரம். மேலேயிருந்து வருவதெல்லாம் பறவைக்குப் பருந்துதான். உட்கார்ந்து உள்ளே போங்கள். முடிந்தால் தவழ்ந்து போங்கள். நேராகக் கண்ணைப் பார்க்காதீர்கள். தினைக் கதிரைக் கம்பி வழியாக நீட்டிவிட்டு அசையாமல் இருங்கள். பேசாதீர்கள். உங்களுக்கு அதுதான் கஷ்டம், தெரியும்.

யானை, தலையணை எல்லாம் எனக்கு வேண்டாம். எத்தனை இறகு என்று எண்ணி எழுதுங்கள்.

போன ஆகஸ்டில் போனில் சொன்னீர்கள்: "உங்கம்மாவா? மாடிப்படிய மான் மாதிரி ஏறுறா." செப்டம்பரில்: "இருமலா? அது இருமல் இல்ல, கச்சேரிக்குத் தொண்டையச் சரி பண்றா." நான் சிரித்தேன். சிரித்துவிட்டு வேலைக்குப் போய், ஒரு நாளைக்கு நாற்பது பேரை நிமிர்ந்து நிற்கவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தேன். ஊரில் உள்ள எல்லார் நெஞ்சுக்குள்ளும் பார்த்திருக்கிறேன். அம்மாவுடையதைப் பார்க்கவில்லை.

அதனால்தான் எழுதச் சொன்னேன். உங்கள் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன். எழுத்தென்றால் இரண்டாம் தடவை படித்துப் பார்க்கலாம்.


பிப்ரவரி 4

மருமகளே,

உன் கடிதம் மூன்று நாள் முந்தி வந்திருந்தால் ஒரு சாம்ராஜ்யம் பிழைத்திருக்கும். மீசையை எடுத்துவிட்டேன்.

சலூன்காரர் இரண்டு தடவை கேட்டார். "யோசிச்சுக்குங்கண்ணே. இது திரும்ப ஒட்டுற சமாச்சாரம் இல்ல." கண்ணை மூடிக்கொண்டு, "ஆகட்டும்" என்றேன். திறந்தபோது கண்ணாடியில் ஒரு வேகவைத்த முட்டை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் வாசலில் நின்றேன். மேனேஜர் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போய்விட்டு மூன்றாம் தடவை நின்றார்.

"யாருய்யா நீ? பழைய ஆளு எங்க?"

"நான்தான் சார் பழைய ஆளு."

"மீசை வளர்ற வரைக்கும் பின்னால லக்கேஜ் ரூம்ல இரு" என்றார். எனவே இப்போது நான் பெட்டிகளுக்குச் சல்யூட் அடிக்கிறேன். பெட்டிகள் மரியாதை தெரிந்தவை.

பொடிசு மீசை போனதைக் கவனிக்கவே இல்லை.

நீ சொன்னபடி தவழ்கிறேன். முப்பத்தொரு வருஷம் வளையாத முதுகு. வளையும்போது பழைய மரக்கதவு மாதிரிச் சத்தம் போடுகிறது. அந்தச் சத்தத்துக்கே பொடிசு முதல் நாள் பயந்தது. கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மா ஏதோ கேட்க மேலே வந்தார். நான் நாலு காலில் வாயில் தினைக் கதிரோடு இருந்தேன்.

"என்ன சார், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

"ஆமாம்மா. மரியாதையை."

இறகுகள்: ஒன்பது. ஒன்பதில் யானையைப் படுக்கவைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நல்ல செய்தி. நேற்று மாலை பொடிசு என் கையிலிருந்து தினையைத் தின்றது! தின்றது மட்டுமா? என் ஆள்காட்டி விரலில் ஏறி உட்கார்ந்து, என் மூக்கை ஒரு நில அளவைக்காரர் மாதிரி மேலும் கீழும் ஆராய்ந்து, திருப்திப்பட்டு, தலையை ஆட்டியது. உன் மாமா வென்றான்.

அக்காவைப் பற்றி நீ எழுதியதற்கு ஒரு பதில் இருக்கிறது. எழுத உட்கார்ந்தேன். பேனா சரியில்லை.

உன் மாமா


பிப்ரவரி 15

மாமா,

மூன்று தடவை படித்தேன். விரலில் ஏறியதா? நிஜமாகவா?

எக்ஸ்ரே அறையில் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நாங்கள் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். ஒரு பெரியவர் அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார். பாவம், விடச் சொல்ல மறந்துவிட்டேன்.

எந்தக் காலை முதலில் வைத்தது? அலகால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்கும் என்று அம்மா சொல்வாள். அப்படித்தான் செய்ததா? கால் எப்படி இருந்தது? நான் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை, தெரியுமா? லீவில் வரும்போதெல்லாம் அம்மா தோளில் இருக்கும். அப்புறம் தொட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

குவார்ட்டர்ஸ் பார்த்தேன். ஒரே அறைதான், ஆனால் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. ஏப்ரலில் நாலு நாள் லீவு கேட்டிருக்கிறேன். உங்களிடம் வந்தால் என்னிடமும் வரும்தானே? வந்து பழகிவிட்டுப் போகிறேன்.

இது நிஜம்தானே மாமா? இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். கோபப்பட மாட்டேன்.


மார்ச் 1

மருமகளே,

எந்தக் காலை முதலில் வைத்தது என்று எனக்குத் தெரியாது. அது வைக்கவே இல்லை.

தினையையும் தின்னவில்லை. நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் மோதாமல் இருக்கிறது. கையை நீட்டினால் மறு பக்கம் போய்விடுகிறது. ஒரு முழம். அதுதான் இரண்டு மாதத்தில் நான் பிடித்த நாடு.

ஏன் அப்படி எழுதினேன்? எழுதும்போது நீ சிரிப்பது எனக்குக் கேட்டது. அவ்வளவுதான். வேறு திட்டம் ஏதும் இல்லை.

மற்றதையும் எழுதிவிடுகிறேன். ஜூலையில் ஒரு நாள் அக்கா சமையலறைத் தொட்டியில் இருமினாள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். நான் பின்னால் நின்றிருந்தேன். தண்ணீர் சிவப்பாகப் போவதைப் பார்த்துவிட்டேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"டேய் ஒட்டடைக்குச்சி, அவகிட்ட சொன்னேன்னு வை, செத்தாலும் உன்கூடப் பேச மாட்டேன். டிசம்பர்ல பரீட்சை எழுதப்போற புள்ள."

"ஆஸ்பத்திரிக்காவது வாக்கா."

"பரீட்சை முடியட்டும்."

மூன்று தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கரண்டி பறந்து வந்தது. நாலாம் தடவை நான் கேட்கவில்லை. எனக்கு வயது ஐம்பத்தாறு. சின்ன வயதில் ஒருமுறை அக்கா என்னோடு பதினேழு நாள் பேசாமல் இருந்தாள். அந்தப் பதினேழு நாளுக்கு நான் இன்றைக்கும் பயப்படுகிறேன். எனவே உனக்கு மான் கதை சொன்னேன். ஒவ்வொரு தடவை நீ சிரித்தபோதும், அவள் நிஜமாகவே ஏதோ கொஞ்சம் குணமாகிவிட்டாள் என்று எனக்கே தோன்றியது.


மார்ச் 13

கோபப்பட மாட்டேன் என்று எழுதியிருந்தேன். பட்டுவிட்டேன்.

லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜூனில் வந்து கூண்டோடு எடுத்துப்போகிறேன். வண்டியில் என்ன ஆகிறதோ ஆகட்டும். இனி எழுத வேண்டாம்.

ஒரு முழம் என்பதை மட்டும் நம்புகிறேன்.


மார்ச் 26

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும்.

நேற்று மாலை நாலு மணி. கூண்டுக் கதவு திறந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்து விரலைக் கதவோரம் வைத்திருந்தேன். பத்து நாளாக அப்படித்தான் வைக்கிறேன். பொடிசு வந்தது. நகத்தை அலகால் தொட்டது. இடது காலை வைத்தது. எடுத்துவிட்டது. மறுபடி வைத்தது. பிறகு வலது.

கால் சூடாக இருந்தது. ஜில்லென்று இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நிமிஷம் இருந்திருக்கும். பிறகு உள்ளே போய்விட்டது. பக்கத்தில் யாரும் இல்லை, சாட்சி கிடையாது. அலகு விஷயம் நீயே எழுதியது. பார்த்து எழுதுகிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.


ஏப்ரல் 4

மாமா,

நம்புகிறேன். கால் சூடாக இருந்தது என்று எழுதினீர்களே, அதற்காக. கதை விட்டிருந்தால் நீங்கள் "கொள்ளிக்கட்டை மாதிரி சுட்டது, கொப்புளம் வந்தது" என்று எழுதியிருப்பீர்கள்.

மே மாதம் லீவு திரும்பக் கேட்டிருக்கிறேன். அதை விடாதீர்கள். தினமும் விரலைக் கொடுங்கள். நான் வரும்போது நீங்களும் அறையில் இருக்க வேண்டும். உங்கள் விரலிலிருந்து என் விரலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பரீட்சையில் தேறிவிட்டேன். போன மாதமே முடிவு வந்தது. உங்களுக்குச் சொல்லாமல் இருந்தேன்.


ஏப்ரல் 6

மருமகளே,

நேற்று பொடிசைத் துண்டு போட்டுப் பிடித்தேன்.

பதினோரு நாள் தினமும் விரலில் வந்து உட்கார்ந்தது. உனக்கு எழுதவில்லை, எழுதினால் கெட்டுவிடுமோ என்று பயம். முந்தாநாள் மாலை உடம்பை உப்பிக்கொண்டு என் விரலிலேயே கண்ணை மூடியது. என்மேல் அவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். முட்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியதைக் காலையில்தான் பார்த்தேன்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "மூச்சுப் பையில சளி. காலைல ரெண்டு சொட்டு, சாயந்திரம் ரெண்டு சொட்டு, பதினாலு நாள். தண்ணில கலந்தா குடிக்காது. புடிச்சுத்தான் ஊத்தணும்."

"பிடிக்காம ஏதாவது…"

"புடிக்காட்டி மூணு நாள் தாங்கும்."

"பிடிச்சா என்கிட்ட அப்புறம் வருமா டாக்டர்?"

அவர் அடுத்த கூண்டைத் திறக்க ஆரம்பித்துவிட்டார்.

கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மாவிடம் ஓடி, நீங்கள் பிடித்து ஊற்றுங்கள் என்று கேட்டேன். "என்னைக் கடிச்ச வாயி ஆயிரம் இருக்கு சார், அதுக்கில்ல. அமுக்கிட்டேன்னா செத்துருமே" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உனக்கு எழுதிக் கேட்டால் பதில் வரப் பத்து நாள். போன் போட்டேன்; என் நம்பரை இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறாய். உன்மேல் தப்பில்லை.

கூண்டுக்குள் துரத்திப் பிடித்தால் அந்த மூச்சு தாங்காதாம். அதனால் விரலை நீட்டினேன். வந்தது. அலகால் தொட்டுப் பார்த்தது. இரண்டு காலையும் வைத்தது. அதற்கப்புறம்தான் இடது கையால் துண்டைப் போட்டேன்.

கத்தும் என்று நினைத்தேன். கத்தவில்லை. துண்டுக்குள் அதன் நெஞ்சு எவ்வளவு வேகமாக அடித்தது என்பதற்கு உவமை தேடினால் எனக்குக் கிடைக்கும். தேடவில்லை. இரண்டு சொட்டும் உள்ளே போனது.

சாயந்திரம் விரலை நீட்டினேன். கூண்டின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. டாக்டர் சொன்னபடி ஜன்னலை மூடி, விளக்கை அணைத்து, இருட்டில் தடவிப் பிடித்தேன். இன்னும் இருபத்தாறு தடவை இருக்கிறது.


ஏப்ரல் 17

மாமா,

என் கடிதமும் உங்கள் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

சரியாகத்தான் செய்தீர்கள். நெஞ்சைச் சுற்றி இறுக்காதீர்கள். பறவைக்கு நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு. கழுத்தின் இரண்டு பக்கமும் இரண்டு விரல் போதும். இது போய்ச் சேரும்போது பதினாலு நாள் முடிந்திருக்கும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மாமேலும் ஒரு துண்டைப் போட்டிருக்கலாமே மாமா. தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே. உங்கள் உயரத்துக்கு அவள் எம்மாத்திரம்? கத்தியிருப்பாள். என்னிடம் சொன்னதற்காக உங்களோடு பேசாமல் இருந்திருப்பாள். இருந்துவிட்டுப் போகட்டுமே. பேசாமலாவது இருந்திருப்பாளே.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. கோபம் இருந்தவரைக்கும் உங்களோடு ஏதோ ஒன்று பாக்கி இருந்த மாதிரி இருந்தது.

பொடிசை எடுத்துப்போக மட்டும் வருகிறேன்.


மே 2

மருமகளே,

உன் கேள்விக்கு நாலு பதில் எழுதிக் கிழித்தேன். அதில் மூன்று ரொம்ப நன்றாக வந்திருந்தன, அதனால்தான் கிழித்தேன். மிச்சம் இருப்பது இதுதான்: முடியாமல் இல்லை. முடியும் என்பது ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை எனக்கே தெரிந்துவிட்டது. இதே இரண்டு கையும் ஜூலையிலும் இருந்தன.

பொடிசு பிழைத்துவிட்டது. வால் ஆடுவது நின்று இரண்டு வாரமாகிறது. டாக்டர் தராசில் வைத்தார்: முப்பத்தாறு கிராம். பழைய எடைக்கு மேல் இரண்டு.

கூண்டு இப்போது கீழே டாக்டரம்மாவின் முன்னறையில் இருக்கிறது. நான் இருக்கும் அறையில் அது தின்னவில்லை. அதனால் ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி இறக்கி வைத்தோம். அவரிடம் மூன்றாம் நாளே தினையை வாங்கித் தின்றது. ஐந்தாம் நாள் தோளில் ஏறிவிட்டது. பல் பிடுங்க வந்தவர்கள் எல்லாரும் கொஞ்சுகிறார்களாம், யாரிடமும் மிரளவில்லையாம். "ரொம்ப சமத்து சார் இது. நீங்க சொன்ன மாதிரி ஒண்ணும் இல்லையே" என்கிறார். நான் படியில் இறங்கும் சத்தம் கேட்டால் மட்டும் மோதுகிறது. இப்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். அதையும் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறது.

அதனால் உனக்குக் கவலை இல்லை. அதற்கு மனிதர்கள்மேல் பயம் போய்விட்டது. உன் விரலுக்கு ஒரு வாரத்தில் வரும். வண்டியில் நன்றாகப் போகும். நான் பக்கத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். டாக்டரும் அதையே சொன்னார்: புறப்படுகிற அன்றைக்கு அது பதறக் கூடாது.

செவ்வாயும் வியாழனும் எனக்குக் காலை ஷிப்ட், ஆறிலிருந்து இரண்டு வரை. அதில் ஒரு நாள் வா. டாக்டரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மேல்வீட்டுச் சாவியும் அவரிடம்தான். அக்காவின் பச்சைப் போர்வையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், வழியில் கூண்டை மூடிக்கொள்ள. மருந்துச் சீட்டு அதற்குள் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு, குளித்துவிட்டு, நிதானமாகக் கிளம்பு. நேரமாகிவிட்டால் அவசரப்படாதே. நான் தெருமுனையிலேயே நின்றுகொள்கிறேன். வண்டி புறப்பட்ட பிறகு வீட்டுக்குப் போகிறேன்.